எந்தக் கேள்விக்கு இந்த எண்?

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கென்று அறிவியல் சாட்சியம் பற்றிய தடித்த கையேடு ஒன்று உண்டு. அதன் முந்தைய பதிப்புகளில் புள்ளியியல் அத்தியாயத்தை எழுதியவர்கள் இருவர். டேவிட் ஃப்ரீட்மன் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் அறிஞராக இருந்தவர். அவர் எழுதியதில் வியப்பில்லை. மற்றவர் டேவிட் கேய், சட்டப் பேராசிரியர். இயற்பியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். அரிசோனாவிலும் பின்பு பென்சில்வேனியாவிலும் சாட்சியச் சட்டம் கற்பித்தவர். கணக்குத் தெரிந்த ஒருவர் இருக்கும்போது சட்டக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நீதிமன்றங்களில் எண்களால் விளைந்த பெரிய அநீதிகளை எடுத்துப் பார்த்தால் விடை தெரிகிறது. கூட்டலும் பெருக்கலும் தவறியதால் வந்தவை அவற்றில் குறைவு. ஒரு கேள்விக்கு விடையாகக் கணக்கிடப்பட்ட எண்ணை, வேறொரு கேள்விக்கு விடையாக நீதிமன்றத்தின் முன் வைத்ததால் வந்தவையே அதிகம். வழக்கில் எந்தக் கேள்வி தீர்க்கப்பட வேண்டும் என்பது சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். ஆகவே அந்த ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க வேண்டிய பொறுப்பும் முதலில் சட்டம் படித்தவர்களுடையதே என்பது என் வாதம்.

இத்துறையின் முதல் பாடமாகப் பல சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படுவது காலின்ஸ் வழக்கு. 1964 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் சான் பெட்ரோ பகுதியில் மூதாட்டி ஒருவரைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஒரு பெண் ஓடினாள். பொன்னிறக் கூந்தலைக் குதிரைவாலாகக் கட்டியிருந்த அவள், தாடியும் மீசையும் வைத்த கறுப்பின ஆண் ஒருவர் ஓட்டிய மஞ்சள் காரில் ஏறிப் போனாள் என்றார் ஒரு சாட்சி. இந்த விவரத்துக்குப் பொருந்திய தம்பதி கைதானார்கள். ஆளை அடையாளம் காட்டும் சாட்சியம் பலவீனமாக இருந்ததால், அரசு வழக்கறிஞர் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். தனித்தனி நிகழ்வுகளின் நிகழ்தகவுகளைப் பெருக்கினால் அவை ஒன்றாக நிகழும் வாய்ப்பு கிடைக்கும் என்று ஆசிரியர் விதியைச் சொன்னார். எண்களைத் தந்தது வழக்கறிஞர்: மஞ்சள் கார் 10இல் 1, மீசை 4இல் 1, குதிரைவால் 10இல் 1, பொன்னிறக் கூந்தல் 3இல் 1, தாடி வைத்த கறுப்பின ஆண் 10இல் 1, காரில் இரு இனத் தம்பதி 1,000இல் 1. பெருக்கினால் 1 கோடியே 20 லட்சத்தில் 1. பெருக்கல் அப்பழுக்கற்றது. 1968இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது, அந்த எண்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்றது. தாடி வைத்தவர்களில் பலர் மீசையும் வைத்திருப்பார்கள், இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பெருக்க முடியாது என்றது. இவை இரண்டும் எவருக்கும் எளிதில் புலப்படும் குறைகள். தீர்ப்பின் உயிர் மூன்றாவது காரணத்தில் இருக்கிறது. எண்கள் அத்தனையும் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அத்தகைய தம்பதி ஒன்று இருப்பது தெரிந்த பிறகு, அதே வட்டாரத்தில் அப்படி இன்னொரு தம்பதியும் இருப்பதற்கான வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம் என்று தீர்ப்பின் பின்னிணைப்பு கணக்கிட்டுக் காட்டியது. வழக்கறிஞரின் எண், கண்ணில் படும் ஏதோ ஒரு தம்பதி இந்த விவரங்களுக்குப் பொருந்தும் வாய்ப்பு எவ்வளவு என்று சொன்னது. பொருந்திய இத்தம்பதிதான் திருடியதா என்பது ஜூரியின் கேள்வி. முன்னது பின்னதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

கேரள லாட்டரியில் ஒருவருக்கு முதல் பரிசு விழ வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. பரிசு விழுந்தவரைப் பிடித்து, நேர்மையாக விளையாடியவருக்கு இது நடக்க வாய்ப்பே இல்லை, ஆகவே நீர் ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் மட்டும் அந்த வாதம் எடுபடுகிறது. குற்றமற்றவர் ஒருவரின் மரபணுக் கூறுகள் தடயத்தோடு தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை, பொருந்தியவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் வில்லியம் தாம்சனும் எட்வர்ட் ஷூமனும் 1987இல் ஒரு கட்டுரையில் இதற்கு ‘அரசு வழக்கறிஞரின் பிழை’ என்று பெயரிட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தனியாக ஒரு பிழை உண்டு என்று அதே கட்டுரையில் காட்டியதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். நெவாடா மாநில வழக்கொன்றில், தற்செயல் பொருத்தத்தின் வாய்ப்பு 30 லட்சத்தில் 1 என்று நிபுணர் சொன்னார். அதையே வேறு விதமாகச் சொல்லும்படி அரசு வழக்கறிஞர் வற்புறுத்த, தடயம் குற்றம்சாட்டப்பட்டவருடையது என்பதற்கு 99 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று அது ஜூரியின் காதில் விழுந்தது. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பிழையைப் பெயர் சொல்லி விளக்கியது. ஆனால் மற்றச் சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்தால் தண்டனைக்கு ஆதாரம் போதும் என்று கருதி, தண்டனையை நீக்கியிருந்த கீழ் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பிழையை அறிவதற்கும் அதனால் வழக்கு மாறுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

இத்தனை ஆபத்து என்றால் எண்களை நீதிமன்றத்துக்குள் விடாமலே இருக்கலாமே என்பது முதல் மறுப்பு. அதை மிகக் கூர்மையாக முன்வைத்தவர் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் டிரைப். மைக்கேல் ஃபிங்கல்ஸ்டைன் என்ற வழக்கறிஞரும் வில்லியம் ஃபேர்லி என்ற புள்ளியியலாளரும் 1970இல் ஹார்வர்ட் சட்ட ஆய்விதழில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: மற்றச் சாட்சியங்களைக் கேட்டு ஜூரியின் மனத்தில் உருவான மதிப்பீடு எதுவோ அதிலிருந்து தொடங்கி, தடயத்தின் அரிய தன்மை அதை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை பேயஸ் தேற்றத்தின்படி நிபுணர் விளக்கலாம். மறு ஆண்டே அதே இதழில் டிரைப் பதில் எழுதினார். விசாரணை முடியும் முன்பே குற்றத்தின் நிகழ்தகவுக்கு ஓர் எண் தரச் சொல்வது, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கொள்கையோடு மோதும். அளக்க முடிந்தது அளக்க முடியாததை மூழ்கடித்துவிடும். குற்றம்சாட்டப்பட்டவரின் காதலி சொல்லும் சாட்சியத்தில் எவ்வளவு உண்மை என்பதற்கு எண் கிடையாது, தடயத்துக்கு உண்டு, ஆகவே தடயம் வென்றுவிடும். இத்தனை சதவீதம் ஐயம் இருந்தாலும் தண்டிப்போம் என்று ஒரு சமூகம் வாய்விட்டு அறிவிப்பது, தண்டனை என்ற செயலின் பொருளையே மாற்றிவிடும். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இந்த மூன்று கவலைகளில் எதுவும் பொய்த்துவிடவில்லை.

ஆனால் டிரைப் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. எண்ணை வெளியேற்றினால் நிகழ்தகவு வெளியேறிவிடாது. அது சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். நுண்ணோக்கியின் கீழ் இரண்டு மயிரிழைகளை வைத்துப் பார்த்து ‘ஒத்துப்போகின்றன’ என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் பல்லாண்டுகள் சாட்சி சொன்னார்கள். அப்படி ஒத்துப்போகும் மயிர் எத்தனை பேருக்கு இருக்கும் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. 2015இல் வெளியான மறுஆய்வின் முதற்கட்ட முடிவுகளின்படி, குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக அத்தகைய சாட்சியம் பயன்பட்ட 268 விசாரணைகளில் 257இல் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையை மீறிப் பேசியிருந்தார்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகை ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அதே எஃப்.பி.ஐ. நூறு சதவீத உறுதியோடு சொல்லி அவரைக் காவலில் வைத்தது. ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்த பிறகே அவர் விடுதலையானார். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு 2009இல் தடயவியல் முறைகளை ஒட்டுமொத்தமாக எடைபோட்டபோது, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு நம்பகமாக இணைக்கும் திறன் கடுமையான சோதனைகளில் நிறுவப்பட்டது உட்கரு டி.என்.ஏ. பகுப்பாய்வுக்கு மட்டுமே என்றது. எண்ணோடு வந்து, எண்ணுக்காகவே சண்டையில் சிக்கிய முறை அது. எண்ணில்லாமல் வந்தவற்றை நெடுங்காலம் எவரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்குப் பிடிமானம் இல்லை.

டி.என்.ஏ. தொடர்பான அந்தச் சண்டையில்தான் கேயின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. பல இனக்குழுக்கள் கலந்த மக்கள்தொகையில் மரபணுக் கூறுகளின் அரிதான தன்மையை எப்படிக் கணக்கிடுவது என்பதில் 1990களின் தொடக்கத்தில் மரபியலாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். அதைத் தீர்க்க அமைந்த தேசிய ஆய்வுக் குழுவின் இரண்டாவது அறிக்கை 1996இல் வெளிவந்தது. மரபியலாளர்களும் புள்ளியியலாளர்களும் நிறைந்த அக்குழுவில் கேயும் இருந்தார். மக்கள்தொகை மரபியல் சிக்கல் அத்தோடு பெருமளவு அடங்கியது. இன்னொரு சிக்கல் அடங்கவில்லை. சந்தேக நபர் எவரும் இல்லாமல், தடயத்தின் கூறுகளைக் காவல்துறையின் தரவுத்தளம் முழுவதிலும் தேடி ஒருவரைப் பிடித்தால் எந்த எண்ணைச் சொல்வது? தரவுத்தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனையால் பெருக்கிச் சொல்ல வேண்டும் என்று 1996 அறிக்கை பரிந்துரைத்தது. பெரிய வலையை வீசினால் தற்செயலாக ஒரு மீன் சிக்கும் வாய்ப்பு கூடுகிறதே என்பது அதன் நியாயம்.

அந்தப் பரிந்துரைக்கு என்ன பொருள் என்பது சான் பிரான்சிஸ்கோ வழக்கொன்றில் வெளிப்பட்டது. 1972இல் நடந்த கொலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, சிதைந்துபோன மாதிரியிலிருந்து எடுத்த சில கூறுகளை வைத்து 3 லட்சத்து 38 ஆயிரம் பேர் கொண்ட தரவுத்தளத்தில் தேடினார்கள். ஒருவர் பொருந்தினார். தற்செயல் பொருத்தத்தின் வாய்ப்பு 11 லட்சத்தில் 1 என்று ஜூரியிடம் சொல்லப்பட்டது. பரிந்துரையின்படி பெருக்கினால் அது ஏறத்தாழ 3இல் 1. ஒரே தடயம், ஒரே மனிதர். ஓர் எண் அவரைச் சிறைக்கு அனுப்பப் போதும், மற்றது விடுவிக்கப் போதும். பத்திரிகைகள் இதை ஊழலைப் போல எழுதின. குழுவில் இருந்த கேய் பின்னாளில் தன் ஆய்வுகளில் அந்தப் பரிந்துரைக்கு எதிராகவே வாதிட்டார். 3இல் 1 என்பது, தரவுத்தளத்தில் உள்ள எல்லாரும் குற்றமற்றவர்களாக இருந்தால் அதில் யாரோ ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு. தேடல் முறையை மதிப்பிடும் காவல்துறை நிர்வாகிக்கு அது தேவையான எண். விசாரணையில் நிற்பது தேடல் முறை அல்ல, குறிப்பிட்ட ஒரு மனிதர். அவரைப் பொறுத்தவரை தேடல் செய்திருப்பது என்னவென்றால், தரவுத்தளத்தில் இருந்த மற்ற எல்லாரையும் பொருந்தாதவர்கள் என்று பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. அதனால் அவருக்கு எதிரான சாட்சியம் வலுக்குறையாது; ஓரளவு கூடவே செய்யும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் 2008இல் வேறொரு வழக்கில், தரவுத்தளத் தேடல் வழக்குகளிலும் கூறுகளின் அரிதான தன்மையைச் சொல்லும் எண் பொருத்தமான சாட்சியமே என்றது.

இங்கே எதிர்த்தரப்பு சோர்ந்துபோக வேண்டியதில்லை. தேடலால் பிடிபட்டவருக்கு எதிராக வேறு எந்தச் சாட்சியமும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவருக்கு உண்மையான பாதுகாப்பு அதில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில், அந்தக் காலத்தில், கொலை செய்திருக்கக்கூடிய வயதில் இருந்த ஆண்கள் 22 லட்சம் பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 11 லட்சத்தில் 1 என்ற எண் அவர்களில் சுமார் 2 பேருக்குப் பொருந்தும் என்று சொல்கிறது. தரவுத்தளத்தில் இருந்தவர்களைக் கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இவர் அவர்களில் ஒருவர். இன்னொருவர் வெளியே இருக்கக்கூடும். ஜூரி கேட்க வேண்டிய கேள்வி இது. எதிர்த்தரப்புக்குச் சாதகமானது என்பதாலேயே தவறான எண்ணைத் தூக்கிப் பிடித்ததில், சரியான எண்ணிலேயே இருந்த சந்தேகத்தின் பலன் கண்ணில் படாமல் போனது. சட்டத்துக்கும் புள்ளியியலுக்கும் நடுவில் நிற்பவர் இரு தரப்புக்கும் இனிக்காத முடிவுகளைச் சொல்ல நேர்வது இப்படித்தான்.

ஜூரி என்ற பாமரக் குழுவிடம் எண்களைக் கொடுப்பதுதான் கோளாறு, பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இங்கிலாந்தின் கிளார்க் வழக்கில் தவறியவர் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர். இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த தாயின் மீது கொலைக் குற்றச்சாட்டு. வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் காரணம் தெரியாத தொட்டில் மரணம் 8,543இல் 1 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டும் தற்செயலாக நிகழ வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்றார் சர் ராய் மெடோ. ஒரே வீட்டில் ஒரே மரபணுவும் ஒரே சூழலும் கொண்ட இரு குழந்தைகளின் மரணத்தைத் தொடர்பற்ற நிகழ்வுகளாகப் பெருக்கியது ஒரு தவறு. 1999இல் கிளார்க் தண்டிக்கப்பட்ட பிறகு, 2001இல் அரசப் புள்ளியியல் கழகம் பகிரங்கமாகக் கண்டித்தபோது மேலும் அடிப்படையான தவறைச் சுட்டியது. இரண்டு தொட்டில் மரணங்கள் மிக அரியவை. ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளையும் கொல்வதும் மிக அரியது. குழந்தைகள் இறந்துவிட்ட நிலையில் கேட்க வேண்டியது, இந்த இரு அரிய விளக்கங்களில் எது எவ்வளவு அரிது என்பதை. கணித அறிஞர் ரே ஹில் அந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்தபோது, இயற்கை மரணத்தின் பக்கமே தட்டு தாழ்ந்தது. 2003இல் கிளார்க் விடுதலையானதற்கு முதன்மைக் காரணம் மறைக்கப்பட்டிருந்த நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவு. மெடோ சொன்ன எண்ணும் தண்டனையை ரத்து செய்யப் போதுமான காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் போகிறபோக்கில் சொல்லிவைத்தது.

நெதர்லாந்தில் ஜூரியே கிடையாது, தொழில்முறை நீதிபதிகள்தான். செவிலியர் லூசியா டி பெர்க் பணியில் இருந்தபோது நிகழ்ந்த மரணங்களும் உயிராபத்துச் சம்பவங்களும் தற்செயலாகச் சேர்வதற்கு வாய்ப்பு 34 கோடியே 20 லட்சத்தில் 1 என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 2003இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். எந்தச் சம்பவம் சந்தேகத்துக்குரியது என்று தீர்மானித்தபோதே, அவர் அங்கே இருந்தாரா என்பது பார்ப்பவர்களின் மனத்தில் இருந்தது. கொலை நடந்ததா என்பது நிறுவப்படாமலே, யார் செய்தார் என்ற கேள்விக்கான எண் முன்னால் வந்து நின்றது. 2004 மேல்முறையீட்டில் நீதிபதிகள் புள்ளியியலைச் சார்ந்திருக்கவில்லை என்றே அறிவித்தார்கள்; ஆனால் இத்தனை சம்பவங்களில் ஒரே ஆள் என்ற எண்ணம் மட்டும் எண்ணில்லாமல் தொடர்ந்தது. குற்றமற்றவர் என்று அவர் விடுவிக்கப்பட 2010 ஆனது. டிரைப் பரிந்துரைத்த மருந்தை நோயாளி விழுங்கியும் நோய் தீராத வழக்கு இது.

சாதாரணக் குடிமக்கள் எண்ணைக் கண்டு மயங்கிவிடுவார்கள் என்ற ஊகத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேயும் அவருடைய சகாக்களும் ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்டு வந்த பொதுமக்களிடம், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சாட்சியம் கொண்ட கொள்ளை வழக்கு விசாரணையின் காணொளியைக் காட்டினார்கள். மக்கள்தொகையில் 99.98 சதவீதம் பேரை விலக்கும் சோதனையில் குற்றம்சாட்டப்பட்டவர் விலக்கப்படவில்லை என்று அதில் நிபுணர் சொன்னார். அந்த எண்ணின் முன் ஜூரியினர் ஒட்டுமொத்தமாக மண்டியிடவில்லை. சிலரிடம் பிழைகள் இருந்தன. ஆனால் அரசுத் தரப்புக்குச் சாதகமான பிழைகளைவிட எதிர்த்தரப்புக்குச் சாதகமான பிழைகளே அதிகம். ஒரே ஒரு சோதனையை வைத்து மக்கள் புள்ளியியல் வல்லுநர்கள் என்று சொல்லிவிட முடியாது. புரியாது என்று காரணம் காட்டிக் கதவை அடைப்பதற்கு ஆதாரம் மெலிந்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் பேயஸ் தேற்றத்தையே ஜூரியிடம் கொடுத்துவிடலாமே என்று மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வரும். இங்கிலாந்தில் ஆடம்ஸ் வழக்கில் அதுவும் நடந்தது. டி.என்.ஏ. பொருத்தம் 20 கோடியில் 1 என்றது அரசுத் தரப்பு. பாதிக்கப்பட்டவரோ அடையாள அணிவகுப்பில் குற்றம்சாட்டப்பட்டவரை அடையாளம் காட்டவில்லை. அன்றிரவு தன்னோடு இருந்தார் என்று அவருடைய காதலி சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு நிபுணர் பீட்டர் டானலி, ஒவ்வொரு சாட்சியத்துக்கும் எண் கொடுத்துப் பெருக்குவது எப்படி என்று ஜூரிக்குக் கற்றுக்கொடுத்தார். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நிராகரித்தது. சாட்சிகளை எடைபோடுவது பொது அறிவின் வேலை, சூத்திரத்தின் வேலை அல்ல என்பது அதன் நிலை. புள்ளியியலாளர்கள் பலர் இதைப் பிற்போக்கு என்று கருதினார்கள். தர்க்கத்தில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். காதலி பொய் சொல்லியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒரு தசம எண் தரச் சொல்வதில் இருக்கும் செயற்கைத்தனத்தை நீதிபதிகள் உணர்ந்ததும் சரிதான். அதே ஆண்டில் டொஹனி வழக்கில் அதே நீதிமன்றம் கண்ட வழி இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. தடயத்தின் கூறுகள் எத்தனை பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று நிபுணர் சொல்லலாம். நாட்டில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு அவை இருக்கும் என்றும் சொல்லலாம். தடயத்தை விட்டவர் குற்றம்சாட்டப்பட்டவர்தானா என்பதற்கு அவர் நிகழ்தகவு சொல்லக் கூடாது. பொருந்தக்கூடியவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம், இவர் அவர்களில் ஒருவர், அவர்களில் இவர்தான் என்று நம்ப மற்றச் சாட்சியங்கள் இடம் தருகின்றனவா பாருங்கள் என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கோடிகளில் ஒன்று என்று இன்று வரும் எண்களுக்கு நாலைந்து பேர் என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. உடன்பிறந்தவர்களின் பொருத்தம், ஆய்வகத் தவறு ஆகியவற்றின் வாய்ப்பையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும். ஆனால் எண்ணுக்குரிய கேள்வியை எண்ணிடமும், ஜூரிக்குரிய கேள்வியை ஜூரியிடமும் பிரித்துக் கொடுத்த முறை, தேற்றம் தெரியாதவருக்கும் புரிவது.

இந்திய நீதிமன்றங்களில் ஜூரி இல்லை. நிபுணர் கருத்து நீதிபதியிடம் நேரே வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பட்டு ராஜன் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், மற்ற நிபுணர் கருத்துகளைப் போலவே டி.என்.ஏ. சாட்சியத்தின் மதிப்பும் வழக்குக்கு வழக்கு மாறும் என்றது. அங்கே டி.என்.ஏ. சோதனை நடக்கவில்லை என்பது அரசுத் தரப்பை வீழ்த்திவிடாது என்பதற்காகச் சொன்னது அது. 2022இல் டெல்லி வழக்கொன்றில் அதே நீதிமன்றம் எதிர்த் திசையிலிருந்து பேசியது: டி.என்.ஏ. அறிக்கையின் முடிவுகள் எந்த அடிப்படையில் எட்டப்பட்டன, நிபுணர் முறைகளை நம்பகமாகக் கையாண்டாரா என்பதை விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆராயவே இல்லை என்று சொல்லி, மரண தண்டனை பெற்றிருந்தவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு பொதுவெளியில் பெரும் கோபத்தைக் கிளப்பியது. ஆனால் ஆராயாமல் விடுவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அரசுத் தடயவியல் ஆய்வக இயக்குநர்கள் போன்ற குறிப்பிட்ட அதிகாரிகளின் அறிக்கையை, அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு இடம் தந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 329ஆம் பிரிவாக வைத்துக்கொண்டிருக்கிறது. நிபுணரை அழைத்து விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அழைத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. அழைக்கப்படாத நிபுணரிடம், உங்கள் எண் எந்தக் கேள்விக்கு விடை என்று குறுக்கு விசாரணையில் கேட்க வழக்கறிஞருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.